கடைசி வாரம் இல்லாத தொடர்கதை

ராசா, நீ கேட்ட புத்தகங்களை இன்று காலையில் பார்சலில் போட்டுவிட்டேன். கட்டுவதற்கு நம் குடோனில் நல்ல பெட்டி ஒன்றும் இல்லை, பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றுதான் கிடந்தது. அதிலேயே அடுக்கிக் கயிறு போட்டுக் கொண்டுபோனேன். லாரி ஆபீஸில் புக்கிங் போடுகிற தம்பி பெட்டியைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "என்னக்கா, உள்ள வெடியா? நம்மளக் கோத்து விட்டுறாதீக." "வெடி இல்லப்பா, கதப் புஸ்தகம்." "இம்புட்டுமா? யாருக்கு?" "என் மகனுக்கு." அவனுக்கு உன்னைத் தெரியும். இப்போது ஊரில் எல்லாருக்கும் உன்னைத் தெரியும். கயிற்றை அவிழ்த்து, பெட்டியைப் பிரித்து, ராக்கெட் படம் உள்ளே போகிற மாதிரி திருப்பி மடித்து அவனே கட்டிக் கொடுத்தான். அதனால் நீ பெட்டியைத் திறந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்பக்கம் முழுக்க ராக்கெட்டும் பூவாணமுமாக இருக்கும். பார்த்துத் திடுக்கிடாதே. இதை முன்கூட்டிச் சொல்லத்தான் தனியாகத் தபாலில் நாலு வரி எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு நாலு வரியில் நிற்க மாட்டேன் என்கிறது.

நீ போனில் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வெடித்து, போர்மேன் நீதான் என்று பிடித்துக்கொண்டு போய், அப்புறம் ஜாமீனில் விட்டார்களே, ஊருக்குள் இருக்கக் கூடாது, திண்டுக்கல்லில் தங்கித் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று. அன்றிலிருந்து நான் போன் போட்டால் நீ பேசுவது ஒரே வார்த்தைதான். சாப்பிட்டாயா என்றால் ம். தூங்கினாயா என்றால் ம். கையெழுத்துப் போட்டாயா என்றால் அதற்கும் ம். போன வாரம் நீயாகக் கூப்பிட்டாய். நீயாகக் கூப்பிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்றுதானே நினைப்பேன்? "யம்மா, இந்த ரூம்ல முன்னாடி இருந்தவன் ஒரு கதப் புஸ்தகத்த விட்டுட்டுப் போயிருக்கான். ரெண்டு தடவ படிச்சிட்டேன். நம்ம குடோன்ல இந்த மாதிரி கெடந்தா அனுப்பு. பொழுது போறதுக்கு வேண்டாம், யோசிக்க வைக்கணும்." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாய். பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கின பிள்ளை நீ. முதலில் சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகு பயம் வந்தது. இவனுக்கு யோசிக்கத் தனியாக ஒரு புத்தகம் வேண்டுமா, யோசித்து யோசித்துத்தானே இப்படி உருகிக் கிடக்கிறான் என்று. பிறகு தோன்றியது, ஒரே யோசனைக்குள் அடைந்து கிடக்கிறவனுக்கு அடுத்தவன் யோசனை ஒரு ஜன்னல் மாதிரி இருக்கலாம். அதனால்தான் உட்கார்ந்து பொறுக்கினேன்.

என்னிடம் கேட்கிறாயே, நான் என்ன படித்துக் கிழித்தவள்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன் அப்பா போன பிறகு விருதுநகரில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய பேப்பர் எடுத்து, சாக்குச் சாக்காகச் சேர்த்து, வெடிக்குக் குழாய் சுருட்டுகிறவர்களுக்கு விற்று, அப்புறம் லோடு லோடாக எடுக்கத் துணிந்தவள். என் படிப்பு எல்லாம் அந்தச் சாக்குக்குள் இருந்து வந்ததுதான். குடோனுக்கு ஒரு புத்தகம் வந்தால் முதலில் அட்டையை உரித்துவிடுவோம். அட்டை தனிச் சரக்கு. முன்பக்கத்து வழுவழுத் தாளும் அதோடு போய்விடும். அடுத்தது பின் பிடுங்குவது. ஓர் இரும்புப் பின் குழாயோடு போய் மருந்தில் உரசினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, என் கைக்கு வந்த எந்தக் கதைக்கும் பெயர் கிடையாது. எழுதினது யார், ஆணா பெண்ணா, இருக்கிறாரா போய்விட்டாரா, பரிசு வாங்கினாரா ஒன்றும் தெரியாது. பெரிய ஆள் எழுதினது என்று எதையும் நான் மதித்ததும் இல்லை, யாரோ எழுதினது என்று எதையும் தள்ளினதும் இல்லை. ஆரம்பத்தில் நாவல் என்றால் எனக்குத் தாள்தான். பாடப் புத்தகத் தாள் விறைப்பாக நிற்கும், நாவல் தாள் பஞ்சு மாதிரி, சுருட்டினால் வளைந்து கொடுக்கும். அந்த அளவுக்குத்தான் இலக்கியம் தெரியும். ஒரு மழை நாளில் லாரி வராமல் கை சும்மா இருந்தபோது, பின் பிடுங்கிய பக்கத்தில் ஒரு பெண் கிணற்றடியில் யாரையோ பார்த்துத் திடுக்கிட்டு நின்றாள். யாரைப் பார்த்தாள் என்று அடுத்த பக்கத்தைத் தேடினேன். அது தொடங்கினதுதான்.

பெட்டியில் வருகிற புத்தகங்களுக்கும் அட்டை இல்லை. பழைய காலண்டர் தாளை மடித்து நானே போட்டிருக்கிறேன். பெயர் எழுதவில்லை, என்ன பெயர் எழுத? எந்தப் படம் போட்ட புத்தகம் என்ன கதை என்று சொல்கிறேன், அடையாளம் வைத்துக்கொள். அதற்கு முன்னால் ஒரு சங்கதி. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு வேலை செய்வார்கள், நானும் செய்தேன். இதில் நம் கதை எங்கே இருக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடுவது. அப்படித் தேடாதே. நீ தேடினால் அது ஒளிந்துகொள்ளும். அடுத்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுப் போ, அவர்கள் காட்டின இடத்தில் உட்கார், அவர்கள் கொடுத்ததைக் குடி. உன் சங்கதியை அவர்களாகக் கேட்பார்கள். இன்னொன்று, எந்த நாவலை எடுத்தாலும் கடைக்காரனும் வட்டிக்காரனும்தான் கெட்டவனாக வருவான், அதற்கு நீ கோபப்படாதே. தராசைக் கையில் பிடிக்காதவர்கள்தான் கதை எழுதுகிறார்கள் போலிருக்கிறது, வேறு என்ன சொல்ல? ஆனால் முருகன் படம் போட்டதில் ஓர் எண்ணெய் வியாபாரி வருகிறான். இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பந்தலுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறவன். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடித் தூரப் போட்டுவிட்டேன். அச்சு அசலாக என் புத்தி. ஒரு தீபாவளி சீசன் முடிகிற வரைக்கும் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்தேன். கோபம் வருகிற புத்தகத்தைப் பாதியில் மூடலாம் ராசா, குற்றமில்லை. திரும்ப எடுக்காமல் விட்டுவிடாதே.

அருவிப் படம் போட்ட புத்தகத்தை முதலில் படி. அது ஒரு ரயில்வே கேட்கீப்பர் கதை. ரயில் வருகிற நேரம். கல்யாண வேன் ஒன்று வந்து ஹாரன் அடிக்கிறது, முகூர்த்தம் தப்பிவிடும் என்று கெஞ்சுகிறார்கள். இரக்கப்பட்டுக் கேட்டைத் திறந்துவிடுகிறான். வேன் கடந்து போய்விடுகிறது, ரயிலும் போய்விடுகிறது, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கதையில் நடப்பது அவ்வளவுதான். மறுநாள் பெண் வீட்டார் வந்து மிட்டாய்ப் பெட்டி கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், அந்த மிட்டாயைத் தின்ன முடியாமல் அவன் படுகிற பாடுதான் மிச்சக் கதை முழுக்க. இதை நான் குடோனில் மத்தியானச் சோற்று நேரத்தில் பெண்களுக்குச் சொன்னேன். உனக்குத் தெரியும், நான் படித்ததைப் பின் பிடுங்குகிற பெண்களுக்குச் சொல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. "ஒண்ணுமே நடக்காததுக்கா இம்புட்டுத் தாளு வீணாப் போச்சு?" என்று ஒருத்தி சிரித்தாள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அவள் நம் குடோனில்தான் இருந்தாள், கதை கேட்கையில் கையில் இருக்கிற சோற்று உருண்டை காய்ந்துபோகும் அவளுக்கு. "அதெல்லாம் இருக்கட்டும்க்கா, அதுக்கப்புறம் அவன் கேட்டத் தொறந்தானா இல்லையா, அதச் சொல்லுங்க." நான் சொன்னேன், "தொறந்தான். அடுத்த வருஷம் இன்னொரு வேனுக்கு." "அப்ப முட்டாய் ருசிச்சிருச்சு" என்றாள் பேச்சி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அந்த இடத்தைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. எத்தனை சீசன் எத்தனை கம்பெனியில், ஒன்றும் ஆகாது என்று எத்தனை பேர் எத்தனை கேட்டைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

லட்சுமி படம் போட்டது தடிப் புத்தகம், அதைக் கண்டு மலைக்காதே. ஒரு மாமியார் ஒவ்வோர் அத்தியாயத்திலும் சாகக் கிடக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி வந்ததும் எழுந்து உட்கார்ந்து யார் யார் வரவில்லை என்று கேட்கிறாள். அந்தக் கதை ஓடின நாளெல்லாம் லோடு ஏற்றுகிற மாரியப்பன் வந்ததும் வராததுமாக, "யக்கா, கெழவி போயாச்சா?" என்பான். "இன்னும் இல்லலே." "எமனே லோடு ஏத்த முடியாமத் திணறுதான் பாருங்க." அப்படிச் சிரித்துச் சிரித்துப் போய், கடைசியில் செத்துப்போவது மருமகள். ஒரு சாதாரணக் காய்ச்சல். கிழவி கட்டிலில் உட்கார்ந்து, யாரை அதட்டுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதைச் சொன்ன அன்றைக்கு மாரியப்பன் "இதுக்கா இத்தன நாளு சிரிக்க வச்சீக?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனான். நல்ல நாவல் அப்படித்தான் செய்யும். சிரிக்கையில் கதவு திறந்திருக்கும், அந்த நேரம் பார்த்து உள்ளே வந்துவிடும்.

ஒன்றை வேண்டுமென்றே எடுத்து வெளியே வைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் அண்ணன் தம்பி, பங்காளி, எதிரி எல்லாரும் கடைசி அத்தியாயத்தில் கோயில் கொடைத் திருவிழாவில் ஒருத்தர் காலில் ஒருத்தர் விழுந்து அழுது ஒன்றாகிவிடுவார்கள். முன்பு எனக்கு அது பிடிக்கும். நீ உள்ளே இருந்தபோது நான் இருக்கன்குடிக்குப் போனேன். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் மாரியம்மன் முன்னால் நிறுத்திவிட்டது. என் மகனை விட்டுவிடு தாயே என்று கேட்க வாயெடுத்தேன், எனக்குப் பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெண் நின்றாள். அசப்பில் பேச்சி மாதிரி. பேச்சி இல்லை, பேச்சி எங்கே வரப்போகிறாள்? ஆனால் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. ஆத்தாளைச் சும்மா பார்த்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தால் எல்லாம் பொய்யாகத் தெரிந்தது. அதனால் அது உனக்கு வேண்டாம்.

இனி சொல்ல வேண்டியது அடியில் இருக்கிற புத்தகம். அதற்குப் படம் கிடையாது, காலண்டர் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அட்டை போட்டிருக்கிறேன். அது கடையில் விற்ற புத்தகம் இல்லை. முன்பெல்லாம் வீடுகளில் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைப்பார்கள். அப்படித் தைத்தது. ஒரு பக்கத்தில் கதை, பின்பக்கத்தில் சோப்பு விளம்பரம், சமையல் குறிப்பு, அசட்டு ஜோக்கு எல்லாம் வரும். யார் வீட்டிலிருந்து வந்ததோ, நல்ல கை, தையல் ஒரே நேராக ஓடுகிறது. ஆனால் கடைசி வாரம் இல்லை. அந்த வாரம் அவர்கள் ஊரில் இல்லையோ, பத்திரிகை வாங்கக் கையில் இல்லையோ, தைத்தவளுக்கே என்ன ஆனதோ. "தொடரும்" என்று போட்டிருக்கிற பக்கத்தோடு நூல் முடிச்சுப் போட்டு நின்றுவிட்டது.

கதை ஒரு லாரி டிரைவருடையது. வடக்கே எங்கேயோ போகும்போது அவன் ஒரு நொடி கண்ணசர, லாரி பாலத்தில் மோதி, இடப்பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் இறந்துவிடுகிறான். அங்கேயே எல்லாக் காரியமும் முடிந்து, கிளீனருடைய சட்டையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவன் ஊர் திரும்புகிறான். நேரே வருவதில்லை. ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்குகிறான், கிளீனர் பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று டீக்கிளாசைப் பார்த்துச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். ஓர் இடத்தில் டீக்கடைக்காரன், என்னண்ணே முணுமுணுக்கீங்க, சீனி பத்தலையா என்கிறான். இப்படியே அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான். அவள் லாரிக்காரரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, "குடிங்கண்ணே. அவுக எங்க, வண்டியிலயா இருக்காக?" என்று கேட்கிறாள். தொடரும்.

இதைக் குடோனில் சொல்லி நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒருத்தியும் வேலைக்கு எழுந்திருக்கவில்லை. என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலம் லோடு போயாக வேண்டும், பின் பிடுங்காத கட்டு மலையாகக் கிடக்கிறது. எனக்கு லோடு பெரிதா கதை பெரிதா? சட்டென்று ஒரு முடிவைக் கட்டிவிட்டேன். "கிளீனர்தான் ஓட்டுனான், ஆசையாக் கேட்டான், குடுத்தேன், இப்படி ஆயிப்போச்சுன்னு சொல்லிட்டான். அவளும் விதின்னு நம்பிட்டா. அம்புட்டுத்தான் கதை, எந்திரிங்கடி." மற்றவர்கள் உச்சுக்கொட்டி எழுந்துவிட்டார்கள். பேச்சி எழுந்திருக்கவில்லை. "இது புஸ்தகத்துல இல்லக்கா." "ஏன், நீ படிச்சியோ?" "எனக்குப் படிக்கவா தெரியும்? எழுதுனவரு இம்புட்டுத் தூரம் அவன அலைய விட்டது இதச் சொல்லவா? இது நீங்க கட்டுன முடிவு. யாவார முடிவு. செத்தவன் வந்து இல்லன்னு சொல்லவா போறான்னு அவன் தலையில கட்டிட்டீக." குடோனே சிரித்தது, நானும் சிரித்தேன். முதலாளியை வாரிவிட்டோம் என்று அவளுக்கு அன்றைக்கெல்லாம் ஒரே குஷி.

அதற்கடுத்த சீசனில்தான் நீ வந்து ஆள் வேண்டும் என்று கேட்டு அவளைக் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். திரி கட்டுகிற வேலை, உட்கார்ந்த வேலை, சம்பளமும் என்னிடத்தில் வாங்கினதைவிடக் கூட. நானும் போகச் சொன்னேன். இருந்தாலும் வழியில் பார்த்தால் அவளுக்கு அந்தக் கதைதான். "யக்கா, ஒங்க கடைசி வாரம் எங்கன போயிருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்கதான அம்புட்டுப் பழைய பத்திரிகையையும் குழாய்க்குப் போடுதீக? ஏதோ ஒரு வெடிக்குள்ள சுருண்டு கெடக்கு. வெடிக்கையில நல்லாக் காது குடுத்துக் கேளுங்க, முடிவச் சொல்லும்."

விபத்து நடந்த அன்றைக்கு நான் சாத்தூர்ப் பக்கம் உங்கள் கம்பெனிக்கு ஓடி வந்தபோது நீ உயிரோடு இருக்கிறாய் என்பது கேட்டில் நின்றவர்கள் சொல்லித்தான் தெரியும். உன்னை அதற்குள் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். வேலிக்கு வெளியே கரிசல் காட்டில் உட்கார்ந்துவிட்டேன். காடு முழுக்கப் பேப்பர். பருத்தி வெடித்த மாதிரி காடெல்லாம் வெள்ளையும் கருப்புமாகத் துண்டு துண்டாகப் பேப்பர் கிடந்தது. எல்லாம் என் சரக்கு. கையருகே கிடந்ததை எடுத்துப் பார்த்தேன், அரை வரி இருந்தது. இன்னொன்றை எடுத்தேன், கால் வரி. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டே போகிறேன். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "என்னம்மா தேடுறீக?" என்றார். "பேப்பர்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இந்த நேரத்துலயும் யாவாரமா?" என்றார். பேச்சி உள்ளே இருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு யோசித்துப் பார்க்கிறேன், நான் அங்கே எதைத் தேடினேன் என்று.

நீ ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். நான் வியாபாரி, எதைத் தாளில் எழுதலாம் எதை எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். கார்த்திகைக்கு மத்தாப்புக் கொளுத்தவே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறவள் பேச்சி, அவள் தானாக மருந்து அறைக்குள் போகிறவள் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். போன திங்கட்கிழமை உங்கள் கம்பெனி மேனேஜர் குடோனுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார், இதற்கு முன் கழற்றினது இல்லை. "யக்கா, ஒரே வரிதான். பேச்சியம்மா சொல்லாமக் கொள்ளாம மருந்து ரூமுக்குள்ள போயிருச்சு. தம்பி கோர்ட்டுல இத மட்டும் சொல்லட்டும். மத்தத வக்கீல் பாத்துக்கிடுவாரு, தம்பியும் வெளிய வந்துரும், கம்பெனியும் நிக்கும்." நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தயங்குகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, "செத்தவ வந்து இல்லன்னு சொல்லவா போறா?" என்றார். ராசா, அவர் உட்கார்ந்திருந்த பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில்தான் பேச்சி எப்போதும் உட்காருவாள்.

நான் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். நீ சிறைக்குப் போகக் கூடாது, அதுதான் எனக்கு முதலில். இரண்டாவதும் அதுதான். மேனேஜர் சொல்கிற வரி நமக்கு லாபம், அதில் சந்தேகம் இல்லை. அந்த வரி எழுத்தாகிவிட்டால் பேச்சி வீட்டுக்கு நஷ்டஈடு கிடைக்காது, அவளாகப் போய்ச் செத்தாள் என்று ஆகிவிடும், அதிலும் சந்தேகம் இல்லை. இரண்டையும் உன் முன்னால் வைத்துவிட்டேன். எதை எடு என்று நான் சொன்னால் நீ எடுத்துவிடுவாய், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அதனால் சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரு தடவை முடிவு கட்டச் சந்தர்ப்பம் கிடைத்தது, அவசரத்தில் நான் கட்டினது என்ன என்று மேலே எழுதிவிட்டேன். அந்த டிரைவர் வாசலில் நிற்கிறான், செம்பு நீண்டிருக்கிறது. நீ நிதானமாகப் படி. டீக்கடைகளைத் தாண்டிக் குதிக்காதே, அவன் ஒவ்வொரு கடையிலும் என்ன சொல்லிப் பார்த்தான், எதை வேண்டாம் என்று விட்டான் என்று கவனித்துப் படி. கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் நாலைந்து வெள்ளைத் தாளை நானே சேர்த்துத் தைத்திருக்கிறேன். எழுத வேண்டும் என்று இல்லை, முடிச்சு அங்கேயே நிற்பது எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்று பாக்கி. பேச்சியின் மகள் செல்வி வந்தாள். உனக்குத் தெரியும், சிவகாசியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது அம்மா வீட்டோடு வந்து தகப்பனைப் பார்த்துக்கொள்கிறாள். "பெரியம்மா, எனக்கு வேல குடுங்க. கம்பெனிப் பக்கம் போக மாட்டேன். பின் பிடுங்குறேன்" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை, ஆனாலும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லாமலே அம்மா உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். நாலு நாள் குனிந்த தலை நிமிராமல் பின் பிடுங்கினாள். நேற்று மத்தியானம் சோற்று வாளியைத் திறந்துகொண்டே, "எங்கம்மா ஒரு லாரி டிரைவர் கதை சொல்லும் பெரியம்மா. வாசல்ல வந்து நிப்பான்ல, அது. கத சொன்னது நீங்கதானாம், முடிவ மட்டும் தப்பாச் சொல்லிட்டீகன்னு கடேசி வரைக்கும் ஏசிக்கிட்டே இருந்துச்சு" என்று லேசாகச் சிரித்தாள். அப்படியே பேச்சியின் சிரிப்பு. பிறகு கேட்டாள், "சரியான முடிவு என்னன்னு தெரிஞ்சுச்சா?"

"எனக்குத் தெரியல தாயி. அந்தப் புஸ்தகம் இப்ப எம்மகன்கிட்டப் போகுது. படிச்சிட்டு வந்து அவன் சொல்லுவான்" என்றேன்.

அவள் கையை வாளிக்குள் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "எப்ப வருவாக?" என்றாள்.

நான் கோர்ட்டுத் தேதியைச் சொன்னேன்.